மரபணுச் சோதனையும் மெடிக்ளெய்மும்: வாசகர் கேள்வி-பதில்

பரம்பரைப் புற்றுநோய் குறித்து இப்பகுதியில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நோயைவிடப் பாலிசியைப் பற்றியே கேட்டிருந்தன. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அவற்றுள் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: என் தாயார் 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் காலமானார். சென்ற ஆண்டு என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ-1 மாற்றம் (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றம்) இருப்பது தெரிய வந்தது. எனக்கு 34 வயது, எந்த நோயும் இல்லை. என்னையும் சோதித்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதித் தந்திருக்கிறார். "முதலில் பாலிசி எடுப்போம், பிறகு சோதனை செய்துகொள், அப்போது நாம் எதையும் மறைத்ததாக ஆகாது" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
— வாசகி, ஈரோடு

பதில்: பாதி சரி. சோதனை முடிவு கையில் இல்லாதவர் அதைத் தெரிவிக்கும் கடமையும் இல்லாதவர். பாலிசி எடுத்த பிறகு ஒருவர் செய்துகொள்ளும் சோதனையைக் காட்டி, முன்பே மறைத்தீர்கள் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கணவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. மருத்துவர் ஏற்கெனவே சீட்டு எழுதிவிட்டார். பாலிசிக்கான முன்மொழிவுப் படிவங்கள் பலவற்றில், "உங்களுக்கு நோய் உண்டா" என்பதோடு, "ஏதேனும் பரிசோதனைக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறீர்களா" என்றும், "பெற்றோர், உடன்பிறந்தோருக்குப் புற்றுநோய், இதய நோய், சர்க்கரை நோய் இருந்ததா" என்றும் தனித்தனியாகக் கேட்டிருக்கும். உங்கள் நிலையில் இவ்விரண்டுக்கும் உண்மையான விடை "ஆம்" என்பதுதான். காப்பீட்டை இரு தரப்பும் முழு நல்லெண்ணத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே சட்டம் பார்க்கிறது. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே தவறான விடை எழுதினால், சோதனை செய்யாமல் இருந்ததால் கிடைத்த பாதுகாப்பும் போய்விடும்.

படிவத்தை நிரப்புவது யார் என்பதையும் பாருங்கள். நம் ஊரில் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுவிட்டு, மருத்துவக் கேள்விகள் உள்ள பக்கத்தில் மேலிருந்து கீழாக "இல்லை, இல்லை, இல்லை" என்று டிக் அடித்து, கையெழுத்துக்கு நீட்டுவது வழக்கம். கைபேசிச் செயலி வந்த பிறகு அந்தப் பக்கமே நம் கண்ணில் படுவதில்லை, ஓடிபி மட்டும் கேட்கிறார்கள். நான் பார்த்த நிராகரிப்புகளில் மனமறிந்து பொய் சொன்னவர்களைவிட, தம் பெயரில் என்ன எழுதப்பட்டது என்றே அறியாதவர்கள்தான் அதிகம். பாலிசி வந்ததும் உள்ளே இருக்கும் படிவ நகலைப் படியுங்கள். ஒத்துவராத பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களை இதற்குப் பயன்படுத்துங்கள்.

அக்காவின் மரபணு அறிக்கையைப் படிவத்துடன் இணைக்க வேண்டாம். அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது என்று எழுதுவது உங்கள் கடமை. அந்த அறிக்கை அவருடையது, அவர் சம்மதமின்றி அதன் நகல் எங்கும் போகக் கூடாது. ஆனால் பரம்பரை நோயைப் பற்றி நேரடியாகவே கேட்டிருந்தால், அக்காவின் பெயரைக் காப்பதற்காக "இல்லை" என்று குறித்துவிடாதீர்கள்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். காப்பீட்டுக்காகச் சோதனையைத் தள்ளிப்போடுவதென்றால் எவ்வளவு காலம்? புதிய பாலிசியில் விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு இருக்கும். விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் போகாது. அந்த அளவு பொறுக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிஆர்சிஏ-1 மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 முதல் 70 விழுக்காடு வரை என்றும், சினைப்பைப் புற்றுநோய்க்கு 40 விழுக்காட்டை ஒட்டி என்றும் பெரிய ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. குழந்தைப் பேறு முடிந்தவர்களுக்குச் சினைப்பையை நீக்கும் தடுப்பு அறுவையை 35 முதல் 40 வயதுக்குள் செய்துகொள்ளலாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். உங்களுக்கு 34. பாலிசிக்காக ஐந்தாண்டு காத்திருந்து வயிற்றில் நோயோடு போய் நிற்பதைவிட மோசமான சிக்கனம் வேறில்லை.

உங்களுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. அக்காவிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், உங்கள் ரத்தத்தில் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும்; செலவு குறைவு, விடையும் உண்டு-இல்லை என்று தெளிவாக வரும். மரபணு முழுவதையும் அலசும் சோதனையில், "பொருள் உறுதிப்படாத மாற்றம்", அதாவது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியாத மாற்றம், என்று ஒரு வரி வந்து பல ஆண்டுகள் தூக்கத்தைக் கெடுப்பதுண்டு. உலகத் தரவுகளில் இந்தியர்களின் மரபணுக்கள் குறைவாகவே இடம்பெற்றிருப்பதால், அந்த வரி நம்மவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அம்மாற்றம் உங்களிடம் இருப்பதற்கான வாய்ப்பு சரிபாதி. இல்லை என்றே முடிவு வரலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மாற்றம் இருந்து, நோய் வருமுன் தடுப்பு அறுவை செய்துகொண்டால், "நோயே இல்லாதபோது சிகிச்சை எதற்கு" என்று கேட்டு நிறுவனங்கள் கிளெய்மை மறுக்கப் பார்க்கின்றன. ஆகவே அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே முன் அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய். பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே நிறுவனத்தில் மெடிக்ளெய்ம் கட்டி வருகிறோம். இம்முறை அனுமதிக்கப்பட்டபோது, "இது மரபணுக் கோளாறு, பாலிசியில் சேராது" என்று டி.பி.ஏ.விலிருந்து (நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் இடை அமைப்பு) கடிதம் வந்திருக்கிறது. இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா?
— வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. ஏறத்தாழ உங்கள் தந்தையின் கதையே டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதே இதய நோய் உள்ள ஒருவர் 2000-ஆம் ஆண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸில் பாலிசி எடுத்தார். 2004-இலும் 2006-இலும் அவருடைய கிளெய்ம்கள் ஏற்கப்பட்டன. 2011 நவம்பரில் மருத்துவமனையில் சேர்ந்தபோது மட்டும், மரபணுக் கோளாறுகளுக்குப் பணம் கிடையாது என்ற விலக்குப் பிரிவைக் காட்டி மறுத்தார்கள். கீழமை நீதிமன்றம் வட்டியுடன் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2018 பிப்ரவரி 26 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அளித்த தீர்ப்பில், அத்தகைய பொத்தாம்பொதுவான விலக்கு அரசமைப்பின் 14-ஆவது பிரிவுக்கு முரணான பாகுபாடு என்றார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நோய் எல்லாவற்றிலும் மரபின் பங்கு இருக்கிறது, "மரபணுக் கோளாறு" என்ற சொல்லைக் கொண்டு விலக்கத் தொடங்கினால் பாலிசியில் மிஞ்சுவது என்ன?

அந்தத் தீர்ப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அதில் பொதுவாகச் சொல்லப்பட்ட பகுதிக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுப்பது அந்தத் தடையாணையாகத்தான் இருக்கும். உங்களுக்கு உறுதியான பிடி வேறு இடத்தில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019 செப்டம்பரில் வெளியிட்ட விலக்குகள் பற்றிய வழிகாட்டுதலில், எவற்றையெல்லாம் பாலிசியில் விலக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தந்தது. பிறவியிலேயே உடலுக்குள் அமைந்த குறைகள், மரபணு நோய்கள், மரபணுக் கோளாறுகள் என்று அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பழைய பாலிசிகளையும் 2020 அக்டோபருக்குள் அதற்கேற்ப மாற்றியிருக்க வேண்டும். உங்கள் மறுப்புக் கடிதத்தை எழுதியவர் பழைய அச்சுப் படிவத்திலிருந்து வரியை எடுத்து ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் டி.பி.ஏ.வை விட்டுவிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். கிளெய்மை மறுக்கும் முடிவு நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டுமே தவிர டி.பி.ஏ.வினுடையதாக இருக்கக் கூடாது. ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையத்தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் நிறைவாக இல்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போங்கள். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

அதற்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு முறை படித்துவிடுங்கள். பணி மிகுந்த இரவில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கேஸ் ஷீட்டில் "15 ஆண்டுகளாக இருந்து வரும் நோய்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். வீட்டார் யாரோ "ரொம்ப நாளாகவே மூச்சு வாங்கும்" என்று சொன்னதன் எழுத்து வடிவம் அது. பாலிசிக்கு முந்தைய நோய் என்று நிறுவனம் வாதாட அந்த ஒரு வரி போதும். தவறாக இருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரிடமே திருத்தக் கடிதம் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ரகசியம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காகிதங்களின் வழியாகத்தான். கேஷ்லெஸ் கேட்டு நாம் கையெழுத்திடும்போது, ஆவணங்களைப் பார்க்கும் அனுமதியையும் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஐ.டி. நிறுவனத்தில் உடல்நல வாரம் நடத்துகிறார்கள். எச்சிலை ஒரு குழாயில் சேகரித்துக் கொடுத்தால், எந்தெந்த நோய் வரும் வாய்ப்பு உள்ளது என்று இலவசமாகச் சொல்வார்களாம். முடிவு எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிறார்கள். நம்பலாமா? வேலைக்கு ஆபத்து வருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தக் குழாயைத் தொட மாட்டேன். மருத்துவர் ஒரு காரணத்துக்காக எழுதித் தரும் சோதனை வேறு. முகாமில் மேசை போட்டுக் கொடுக்கும் சோதனை வேறு.

அமெரிக்காவில் ஒரு ரயில் நிறுவனம், மணிக்கட்டு வலி என்று இழப்பீடு கேட்ட தன் தொழிலாளர்களின் ரத்தத்தை, அவர்களிடம் சொல்லாமலேயே மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. 2001-இல் அந்நாட்டின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு 22 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2008-இல் அங்கே ஜினா என்ற சட்டம் வந்து, மரபணுத் தகவலைக் கொண்டு வேலையிலோ மருத்துவக் காப்பீட்டிலோ பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. அதற்கு நிகரான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் ஆகிய மூன்று பரம்பரை ரத்த நோய்களும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் நோய் வரக்கூடும் என்ற நிலையில் நலமாக இருப்பவருக்கு அது குடையாகாது. உங்கள் எச்சில் அங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்குக் கைகொடுப்பது, 2017-இல் உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமையாக அறிவித்த அந்தரங்க உரிமையும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும்தான். இரண்டாவதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அச்சட்டமும் மரபணுத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காவல் எதுவும் வைக்கவில்லை. தொலைபேசி எண்ணுக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இதற்கும்.

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்று இன்று சொல்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். நாளை அந்த நிறுவனம் யார் கையில் இருக்கும்? ஒன்றரைக் கோடிப் பேரின் எச்சிலைச் சோதித்த 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவு ஏலத்துக்கு வரும் சொத்தாக ஆனது. முடிவில் அதன் நிறுவனரே நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. வேறு யாரேனும் வாங்கியிருந்தாலும் எச்சில் கொடுத்தவரால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

கலந்துகொண்டே தீர வேண்டும் என்றால், ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். "பெயர் நீக்கிய தரவை ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். மாதிரியை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அலுவலக மின்னஞ்சலைத் தராதீர்கள்.

கேள்வி: நான் நீலகிரியில் பழங்குடி மாணவர்கள் படிக்கும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சிக்கிள் செல் சோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அட்டை தருகிறார்கள். ஒரு மாணவி தன் அட்டையை மறைத்து வைக்கிறாள். அவளுக்கு நோய் இல்லை, கடத்தி மட்டுமே என்கிறார்கள். பின்னாளில் அவளுக்குக் காப்பீடு கிடைக்காமல் போகுமா?
— வாசகி, கூடலூர்

பதில்: கடத்தி என்பவர் குறையுள்ள மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர். அவர் நோயாளி அல்லர், அதைக் காட்டி அவளுடைய கிளெய்மை மறுக்க வழியில்லை. தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர உடல்நலக் கேள்வியே கேட்பதில்லை, முன்பே இருந்த நோய் என்ற விலக்கும் இல்லை. ஆகவே அந்தக் குடும்பத்தின் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கிள் செல் நோயை 2047-க்குள் ஒழிக்கும் நோக்கில் 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த மாணவி அஞ்சுவது காப்பீட்டு நிறுவனத்தை அன்று. பக்கத்து பெஞ்சையும், நாளை பெண் பார்க்க வருபவர்களையும். அட்டைகளை வகுப்பில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பதை நிறுத்த உங்களால் முடியும். பெற்றோரை வரவழைத்து, மூடிய உறையில் கொடுக்கச் சொல்லுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும், இருவரும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். பழி பெண் மீது மட்டும் விழாமல் இருக்க அது ஓரளவு உதவும்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலை செய்கிறாள். அங்கே சட்டம் இருப்பதால் அவள் தயங்காமல் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம் அல்லவா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை தயங்க வேண்டாம். ஆனால் மேலே சொன்ன ஜினா சட்டம் ஆயுள் காப்பீடு, உடல் இயலாமைக் காப்பீடு, முதுமைக்கால நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஆகிய மூன்றையும் தொடவில்லை. 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தாது. புளோரிடா மாநிலம் 2020-இல் அம்மூன்றையும் சேர்த்துத் தனிச் சட்டம் இயற்றியது. மகள் ஆயுள் காப்பீடு எடுக்க எண்ணியிருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளட்டும். ஈரோடு வாசகிக்குச் சொன்ன எச்சரிக்கை அவருக்கும் பொருந்தும்.

கேள்வி: மூன்றாண்டுகளுக்கு முன் பாலிசி எடுத்தபோது, என் மூத்த மகனுக்குத் தலசீமியா இருப்பதை ஏஜென்ட் "எழுத வேண்டாம்" என்று சொல்லி விட்டுவிட்டார். மகன் அந்தப் பாலிசியில் இருக்கிறான். இதுவரை கிளெய்ம் எதுவும் கேட்கவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாமா?
— வாசகர், தருமபுரி

பதில்: இடைவெளியில்லாமல் 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடியை நிறுவினால் ஒழிய, தகவல் தெரிவிக்கவில்லை என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது, 2024-இல் ஆணையம் அக்காலத்தை எட்டாண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஏஜென்ட் உங்களிடம் "இன்னும் இரண்டு வருஷம் பொறுங்க சார்" என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் மாதந்தோறும் ரத்தம் ஏற்றும் பிள்ளையின் நோயை மறந்து விட்டுவிட்டோம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதை மோசடி என்றே எழுதுவார்கள். இரண்டாண்டு அவனை மருத்துவமனையில் சேர்க்காமல் இருக்கவும் உங்களால் முடியாது.

அடுத்த புதுப்பித்தலுக்கு ஒரு மாதம் முன்பாகவே, விடுபட்ட விவரத்தைச் சேர்க்கக் கோரி நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். நகலும், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் உங்களிடம் இருக்கட்டும். பிரீமியம் உயரலாம், தலசீமியாவுக்கு மட்டும் அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்பு விதிக்கலாம். பாலிசியையே ரத்து செய்யவும் அவர்கள் முயலக்கூடும் என்பதால், கடிதம் அனுப்பும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு உங்கள் குடும்ப வருமானம் பொருந்துகிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் கேட்டு, பொருந்தினால் மகன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஏஜென்ட் "எழுத வேண்டாம்" என்றது வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஓம்பட்ஸ்மேன் முன் உங்களுக்காகப் பேச அது ஒன்றுதான் இருக்கும்.